கையில் புத்தகம் இருக்கிறது, பிள்ளை வாசிக்கவில்லை

கேள்வி: மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை நான். வகுப்பில் 32 பிள்ளைகள். தினமும் மதிய இடைவேளை முடிந்ததும் 20 நிமிடம் அமைதி வாசிப்புக்கு ஒதுக்கியிருக்கிறேன். முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று நானும் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறேன். முதல் ஐந்தாறு நிமிடம் நன்றாகப் போகிறது. அப்புறம் அலமாரிக்கும் இடத்துக்குமாக நடை, கழிப்பறைக்கு அனுமதி, படம் மட்டும் புரட்டுவது. ஏழெட்டுப் பேர்தான் உண்மையில் வாசிக்கிறார்கள். ஐந்து பேர் இன்னும் எழுத்துக்கூட்டும் நிலையில் இருக்கிறார்கள். ஒரு பையன் மாதக்கணக்கில் ஒரே புத்தகத்தையே எடுக்கிறான். புத்தகத்துக்கு ஒரு ஸ்டார் என்று சுவரில் சார்ட் ஒட்டலாமா? ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் எழுதச் சொல்லலாமா? ‘இந்த நேரத்துக்கு நோட்டில் ஒன்றுமே இல்லையே’ என்று தலைமையாசிரியர் கேட்டால் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முதல் ஐந்தாறு நிமிடம் நன்றாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குவோம். உங்கள் வகுப்பால் இன்றைக்குத் தாக்குப்பிடிக்க முடிவது அவ்வளவுதான். இருபது நிமிடம் என்பது கால அட்டவணை போட்ட கணக்கு. மிச்சம் பதினான்கு நிமிடமும் பிள்ளைகள் வாசிப்பதுபோல உட்கார்ந்திருக்கப் பழகுகிறார்கள். தினமும் நடப்பதால் அதுவும் நன்றாகவே படிந்துவிடும். அது இன்னும் ஊறுவதற்குள் நேரத்தைக் குறைத்துவிடுங்கள்.

எவ்வளவு குறைப்பது என்பதைக் கடிகாரம் சொல்லும். மூன்று நாள், புத்தகம் எடுக்காமல் சும்மா நின்று கவனியுங்கள். முதலில் எழுந்த பிள்ளையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், எந்த வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார். மூன்றாவது பிள்ளை புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு, எட்டு, ஏழு என்று வந்தால் குறைந்ததான ஆறில் ஒன்றைக் கழித்து ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம் டீச்சர்” என்று யாராவது கேட்டால் நிறுத்திய இடம் சரி. தொடர்ந்து நான்கு நாள் கலையாமல் போனால் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் கூட்டுங்கள். கலைந்தால் மறுநாள் இரண்டு நிமிடம் குறையுங்கள், திட்ட வேண்டியதில்லை. இப்படி ஏற்றினால் எட்டுப் பத்து வாரத்தில் பதினைந்து நிமிடத்தைத் தொட்டுவிடலாம். நீண்ட விடுமுறை முடிந்து வரும்போது மறுபடி கீழே இறங்கித்தான் ஏற வேண்டியிருக்கும். அதைப் பின்னடைவு என்று எண்ண வேண்டாம்.

குறைத்து மிஞ்சும் நேரம் வீணாகாது. எட்டுப் பத்து நிமிடம் நீங்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், அதையும் முதலில் வையுங்கள். ஓடி விளையாடிவிட்டு வரும் பிள்ளைகள் அடங்க அது உதவும். சில நாள் கதையைப் பாதியில் மூடிவிட்டு, “மீதி இந்தக் கூடையில் இருக்கிறது” என்று வைத்துவிடுங்கள். அதை எடுக்கப் போட்டி வரும். டீச்சர் குரலில் ஏற்கெனவே கேட்ட வரிகள் என்பதால், தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கும் அந்தப் புத்தகம் பிடிகொடுக்கும்.

அடுத்தது அலமாரி நடை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எடுக்கும் படக்கதை பெரும்பாலும் 16 பக்கம் இருக்கும், பக்கத்துக்கு 20 சொல். மொத்தம் 320 சொல். நிமிடத்துக்கு 60 சொல் வாசிக்கிற பிள்ளை அதை ஐந்தரை நிமிடத்தில் முடித்துவிடும். ஆக, ஆறாவது நிமிடம் அது எழுந்து போவதில் குறும்பு ஏதும் இல்லை, கையில் அடுத்த புத்தகம் இல்லை, அவ்வளவுதான். இதைச் சரிசெய்ய, வாசிக்கும் நேரத்தையும் புத்தகம் தேர்ந்தெடுக்கும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணிப்பை, அல்லது அட்டையில் செய்த உறை, அதில் நான்கு புத்தகங்கள். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு எட்டுப் பேர் வீதம், வேறொரு வேளையில் பத்து நிமிடம் அலமாரிக்குப் போய் மாற்றிக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை, எடுத்தது சரிப்படாதவர்களுக்கு. வாசிப்பு நேரத்தில் அலமாரி மூடியிருக்கும்.

அந்த நான்கில் இரண்டு, தடங்கல் இல்லாமல் ஓடுகிற புத்தகங்களாக இருக்கட்டும். ஒன்று கொஞ்சம் முட்டி மோத வைப்பது. நான்காவது பிள்ளையின் ஆசைக்கு. அது தலையணை கனத்தில் விலங்குகள் பற்றிய படப்புத்தகமாக இருக்கலாம், அண்ணன் வகுப்புப் புத்தகமாக இருக்கலாம், முழுவதும் வாசிக்க வராமல்கூடப் போகலாம். அதைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள். ஆசைப்புத்தகத்துக்கு இடமில்லாத பை வீட்டுப்பாடப் பை மாதிரி ஆகிவிடும். சித்திரக்கதை, விடுகதை, செய்துபார் புத்தகம், பாட்டுப் புத்தகம் எல்லாமே வாசிப்புதான். கதைப் புத்தகம் மட்டுமே வாசிப்பு என்று வைத்துக்கொண்டால், இயந்திரத்தையும் பூச்சியையும் பற்றி வாசிக்கத் துடிக்கிற பிள்ளைகளை நாமே வெளியே தள்ளிவிடுகிறோம்.

தேர்ந்தெடுப்பது தானாக வராது, அதற்குப் பாடம் எடுக்க வேண்டும். ஐந்து விரல் சோதனை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பக்கத்தை வாசித்துப் பார், திணறும் சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். சோதனை நல்லதுதான், ஆனால் அப்படியே எடுத்து வைத்தால் நம் வகுப்புகளில் தவறிவிடும். நூறு சொல்லில் 95க்கு மேல் தடையில்லாமல் வந்தால் தனியே வாசிக்க ஏற்றது, 90க்குக் கீழே போனால் கதை கையைவிட்டுப் போய்விடும் என்பது ஆசிரியர்களிடையே வெகுநாளாகப் புழங்கும் அளவு. 50 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து தடங்கல் என்றால் சரியாக 90 வருகிறது. 20 சொல் உள்ள பக்கத்தில் நான்கு விரல் மட்டும் மடங்கினாலே ஐந்தில் ஒரு சொல் தெரியவில்லை என்று அர்த்தம். அவ்வளவு கஷ்டமான புத்தகத்தை ‘சரி’ என்று பிள்ளை எடுத்துப் போய்விடும்.

ஆகவே படக்கதைக்கு எதிரெதிரான இரண்டு பக்கங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 40 சொல் வரும். இரண்டு விரல் வரை மடங்கினால் எடுக்கலாம், மூன்று என்றால் முட்டி மோதும் புத்தகம், நான்கு என்றால் பிறகு பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. தமிழில் ‘தேடிக்கொண்டிருந்தார்களாம்’ என்பதும் ஒரே சொல்தான். பிள்ளைக்குத் ‘தேடு’ தெரியும். பார்த்த பார்வையில் நீளம்தான் மிரட்டுகிறது. அதனால் பக்கத்தில் எத்தனை சொல் என்பதோடு, வாலைப் பிடித்துத் தொங்கும் நீளச் சொற்கள் எத்தனை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு நாள், நாளுக்கு ஐந்து நிமிடம், ஒரு பக்கத்தை உரக்க வாசித்து, நீங்களே விரல் மடக்கி, “இது எனக்கு இப்போது வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கிறேன்” என்று திருப்பி வைத்தும் காட்டுங்கள். திருப்பி வைப்பதில் வெட்கம் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிய அதுதான் வழி.

32 பைகளில் நான்கு என்றால் எப்போதும் 128 புத்தகம் பிள்ளைகளிடம் இருக்கும். அலமாரியில் பார்த்து எடுக்க இன்னும் 70, 80 வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் பைக்கு இரண்டாகத் தொடங்கிப் பக்கத்து வகுப்போடு மாதம் 40 புத்தகம் மாற்றிக்கொள்ளுங்கள். முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கி வைத்தால் மெல்லிய படக்கதைகள் கண்ணிலேயே படாது. அட்டை தெரியும்படி, பொருள்வாரியாகக் கூடையில் போடுங்கள்: விலங்கு, சிரிப்பு, பேய், விளையாட்டு, எப்படி வேலை செய்கிறது. கூடைக்குப் பெயர் எழுதுவது பிள்ளைகள் வேலை. முதல் நிலை, இரண்டாம் நிலை என்று வெளியே தெரியும்படி ஒட்டவே வேண்டாம். கீழ்நிலைக் கூடையில் கை வைப்பதை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், எழுத்துக்கூட்டும் பிள்ளை தடித்த புத்தகத்தை எடுத்து அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிலை உங்கள் நோட்டில் இருந்தால் போதும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை. 200 புத்தகம் உள்ள வகுப்பு அலமாரிக்கும் அது பொருந்தும். ஒரு மாதமாக யாரும் தொடாத புத்தகத்தைக் கையில் எடுத்து, ஒரு நிமிடம் அதைப் பற்றிப் பேசி, நடுவிலிருந்து ஒரு பத்தி வாசித்துக் காட்டுங்கள். அதற்குரிய வாசகர் பெரும்பாலும் அன்றைக்கே கை தூக்கிவிடுவார்.

நீங்கள் வாசிக்கும் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்வதற்கு மனம் சங்கடப்படுகிறது, நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறீர்கள். ஆனாலும் மூடி வையுங்கள். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை, வெறுமனே அமைதியாக வாசிக்கவிடும் திட்டங்களால் சரளம் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றது. தனி வாசிப்பே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. பிள்ளை என்ன புத்தகம் எடுத்தது, எங்கே நின்றது என்று யாரும் பார்க்காத ஏற்பாட்டில், வாசிக்கிற பிள்ளை வாசிக்கும், வாசிக்காத பிள்ளை நாற்காலியில் நேரத்தைக் கழிக்கும். இந்த நேரத்தில் ஆசிரியருக்கு வேலை இருக்கிறது, வகுப்பின் மற்ற நேரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

முதல் இரண்டு நிமிடம் நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பிறகு ஒரு பிள்ளையின் பக்கத்தில் தரையோடு உட்காருங்கள். உங்கள் மேசைக்குக் கூப்பிட வேண்டாம், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். விட்ட இடத்திலிருந்து ஒரு பக்கம் மெல்லிய குரலில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

‘யானை மெதுவாகக் குளத்துக்குள் இறங்கியது’ என்று ஒரு வரி. பிள்ளை ‘மெதுவாக’ வரை வந்து, கடைசியில் நிற்கும் ‘க்’கில் முட்டிக்கொள்கிறது. “மெதுவாக... மெதுவாகக்கு...” என்று நம் முகத்தைப் பார்க்கிறது. பேச்சில் அப்படி ஒரு சத்தத்தை அது தனியாகக் கேட்டதே இல்லை. இந்த இடத்தில் சந்தி இலக்கணம் சொல்லாதீர்கள். அந்த ‘க்’கிலிருந்து அடுத்த சொல்லுக்கு விரலை நகர்த்தி, “இந்தக் குட்டி எழுத்து அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுக்கிறது, சேர்த்துச் சொல்” என்றால் போதும். “மெதுவாகக்குளத்துக்குள்” என்று ஒரே மூச்சில் வந்துவிடும். புதிதாக வாசிப்பவர்களின் தடங்கல்களில் கணிசமானவை இந்த மாதிரிதான். எழுத்து தெரியும், சொல்லும் தெரியும், ஆனால் அச்சில் இருப்பதற்கும் பேச்சில் கேட்டதற்கும் நடுவே ஓர் இடறு. உங்கள் காதில் விழுந்தால்தான் அதை எடுக்க முடியும்.

பக்கம் முடிந்ததும் ஒரு கேள்வி, “இங்கே என்ன நடக்குது?” போதும். பதில் வந்தால் அடுத்த பிள்ளைக்கு நகருங்கள். வார்த்தை எல்லாம் சரியாக வாசித்தும் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை என்றால், அடுத்த முறை ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் நின்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கும்படி அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஒரு சந்திப்பில் ஒரே ஒரு விஷயம். நான்கைச் சொன்னால் நான்கும் நிற்காது.

நேரம் பதினான்கு நிமிடத்தை எட்டியதும், பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்று நாளுக்கு நான்கு பேர், வாரத்துக்கு இருபது இடம். எழுத்துக்கூட்டும் ஐந்து பேருக்கு வாரம் இரு முறை என்று பத்து போய்விடும். மிச்சம் 27 பேரை மூன்று வாரத்தில் ஒரு சுற்று பார்த்துவிடலாம். தொடக்கத்தில், நேரம் ஐந்தாறு நிமிடமாக இருக்கும்போது, நாளுக்கு ஒருவரைக் கேட்டாலே பெரிது. சுற்று நீளமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இந்தச் சந்திப்புகளில் போலி வாசிப்பும் பிடிபடும். பத்து நொடிக்கு ஒரு பக்கம் புரளும், கண் புத்தகத்தின் மேல்விளிம்பைத் தாண்டி வரும், தினமும் அதே நிமிடத்தில் கழிப்பறை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் காரணம் மூன்றாக இருக்கலாம்: வாசிக்கத் தெரியவில்லை, புத்தகம் பொருந்தவில்லை, உட்காரப் பழகவில்லை. பிரித்தறிய, மிக எளிய ஒரு கதையிலிருந்து 30 சொல் வாசிக்கக் கொடுங்கள். அதிலேயே திணறினால் முதல் காரணம். அது சரளமாக வந்து, பையில் உள்ளது வரவில்லை என்றால் இரண்டாவது. இரண்டும் வந்தால், ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு எழுந்து பக்கத்து இருக்கைக்கு மாறி மறுபடி வாசிக்க அனுமதியுங்கள். கண்டிப்பு மூன்றுக்குமே மருந்து ஆகாது.

எழுத்துக்கூட்டும் ஐந்து பேரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தனியாக அமைதியாக வாசி என்று அவர்களை விட்டுவிடுவது, நீந்தத் தெரியாதவரை ஆழத்தில் விட்டுவிட்டுக் கரையில் நிற்பதற்குச் சமம். இவர்களுக்குத் தனியே எழுத்துப் பயிற்சி வேறு நேரத்தில் நடந்தாக வேண்டும். வாசிப்பு நேரம் அதற்கு ஈடாகாது. வாசிப்பு நேரத்தில் அவர்கள் பையில் இருக்க வேண்டியது, நீங்கள் வாய்விட்டு வாசித்த கதைகளும், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதைகளும். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் ஒரு பக்கம், மற்றவர் அடுத்த பக்கம் என்று கிசுகிசுப்பாக வாசிக்கட்டும்.

எங்கே தடுக்கிறது என்று குறித்து வைத்தால் அநேகமாக ஒரே வகை இடங்கள்தான் வரும். ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றிலும் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது. கண் இடமிருந்து வலமாகப் போகும்போது கொம்பை முதலில் பார்க்கிறது, வாயோ ‘க்’ என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘கொ’ என்பதை ‘கெர’ என்று வாசிக்கும் பிள்ளை, பின்னால் நிற்கும் துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொள்கிறது. 247 எழுத்தையும் முதலிலிருந்து எழுதச் சொல்வதில் இது தீராது. பையில் உள்ள புத்தகத்திலேயே ‘கொ, தொ, பொ’ வரும் சொற்களைத் தேடி விரல் வைக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு கிடைத்ததும் அந்த வரியை முழுதாக வாசிக்கட்டும்.

முணுமுணுப்பை அடக்காதீர்கள். ஏழு எட்டு வயதில் உதடு அசைத்து வாசிப்பது இயல்பு. சத்தம் உள்ளே போவதற்கு முந்தைய படி அது. “உதடு அசையக் கூடாது” என்றால் பாதிப் பேருக்கு வாசிப்பே நின்றுவிடும். ‘அமைதி வாசிப்பு’ என்ற பெயரையே ‘தனி வாசிப்பு’ என்று மாற்றிவிடலாம். தேனீக்கூட்டில் கேட்கும் அளவு இரைச்சல் வகுப்பில் இருந்தால் தப்பில்லை.

ஒரே புத்தகத்தை எடுக்கும் பையனை அவன் போக்கில் விடுங்கள். திரும்ப வாசிப்பதில்தான் சரளம் ஏறுகிறது, அந்தப் புத்தகத்தில் அவன் தடுமாறுவதில்லை என்பதே அவனுக்குப் பெரிய விஷயம். அதைப் பிடுங்காமல், பையில் அதனோடு சேர்ந்தாற்போல இன்னொன்றை வையுங்கள்: அதே எழுத்தாளருடையது, அல்லது அதே விலங்கு வருவது. “இதில் வருகிற நரியும் அதில் வருகிற நரியும் ஒன்றா என்று பார்த்துச் சொல்லேன்” என்று ஒரு வேலை கொடுங்கள்.

ஸ்டார் சார்ட் வேண்டாம். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஓவியம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சிறு பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசுச் சான்று உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாத நாளில் அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. சார்ட் ஒட்டினால் முதலில் அடிபடப்போவது இப்போது ஆசையாக வாசிக்கும் உங்கள் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுத்துக் கணக்கை ஏற்றுவார்கள். அந்த ஐந்து பேரின் பெயருக்கு நேரே காலியிடம் வகுப்பு முழுவதும் தெரியும்படி தொங்கும். அதற்குப் பதில், பையின் உள்ளே ஒரு சின்ன அட்டை போதும். ஒரு பக்கம் ‘வாசித்தது’, தேதியும் பெயரும் மட்டும். மறுபக்கம் ‘அடுத்து வாசிக்கப் போவது’. இந்த இரண்டாவது பக்கம் நிரம்பத் தொடங்கினால் தேர்வுப் பாடம் பலித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சுருக்கம் எழுதுவதும் அப்படியே. ஆறு நிமிடம் வாசிக்க, பதினைந்து நிமிடம் எழுத என்று ஆகிவிட்டால், வாசித்து முடித்ததற்கான தண்டனையாகவே பிள்ளைக்கு அது படும். வாரத்தில் இரண்டு நாள், வாசிப்பு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்லட்டும்: எந்த இடம் பிடித்தது, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு. காட்டச் சொல்வது முக்கியம். வாசிக்காத பிள்ளைக்குப் பக்கம் கிடைக்காது, வாசித்த பிள்ளை சட்டென்று திருப்பிவிடும். எழுத ஆசைப்படுகிறவர்கள் தாங்களாக எழுதிக் கூடையில் செருகி வைக்கலாம்.

கடைசியாகத் தலைமையாசிரியரின் கேள்வி. அது நியாயமான கேள்வி, பதில் பிள்ளைகள் நோட்டில் இல்லாமல் உங்கள் நோட்டில் இருக்கட்டும். பிள்ளைக்கு ஒரு பக்கம், சந்திப்புக்கு ஒரு வரி. தேதி, புத்தகம், பக்கம், எங்கே தடுத்தது, என்ன சொன்னேன். இந்த மாதிரி:

12ஆம் தேதி. குரங்குக் கதை, பக்கம் 4. ‘கொ’வை ‘கெர’ என்றாள், நாலு இடம். சொல் தேடச் சொன்னேன்.
16ஆம் தேதி. அதே கதை, பக்கம் 9. ‘கொ’ ஒரு முறைதான் தவறியது, தானே திருத்திக்கொண்டாள்.
19ஆம் தேதி. புதுக் கதை, பக்கம் 2. ‘மெதுவாகக்’ என்ற இடத்தில் நின்றாள். சேர்த்துச் சொல்லக் காட்டினேன்.

இப்படி ஒரு மாதத்துப் பக்கத்தை அவர் முன் திறந்து வையுங்கள். பிறகு அந்தப் பிள்ளையையே கூப்பிட்டு, தன் பையிலிருந்து விருப்பமான ஒரு பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.